யாருக்காகவோ அணிந்த சீருடை

நம் சங்கத்து நண்பர் ஒருவரின் மகன் லாட்வியா நாட்டுத் தலைநகரான ரீகாவில் பொறியியல் படிக்கிறான். இந்தியாவிலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். நம் பொங்கல் விழா மேடையில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு திருக்குறள் ஒப்பித்த பையன். ஒரு மார்ச் மாதம் 16-ஆம் தேதி மாலை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, இன்னிக்கு இங்கே ஊர் நடுவில ஒரு ஊர்வலம். கையில பூவோட நடந்து போய் சுதந்திரச் சின்னத்தடியில வைக்கறாங்க. ஓரமா நின்னுக்கிட்டு இன்னொரு கூட்டம் 'நாஜிகளுக்கு அஞ்சலியா?'ன்னு கத்துது. நடுவில போலீஸ். ஹிட்லர் பக்கம் சண்டை போட்டவங்களுக்காகவாம் இந்த ஊர்வலம். ஆனா என் கூடப் படிக்கிற பையன், 'எங்க கொள்ளுத் தாத்தாவைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, அவரா போகலை'ன்னு சொல்றான். யார் சொல்றது மாமா சரி?"

தொலைபேசியில் சொல்லிவிடக் கூடிய பதில் என்னிடம் இல்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். பிறகு தேடிப் பிடித்துப் படித்தேன். படிக்கப் படிக்க, இது அந்த ஒரு பையனுக்கு மட்டும் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்று பட்டது. வேறு ஊர், வேறு மொழி, வேறு கொடி இவற்றின் நடுவே வாழப் பழகிய நம் எல்லோருக்கும் இதில் யோசிக்க விஷயம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சின்ன வீடு, இரண்டு பெரிய அண்டை வீடுகள்

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லாட்வியா மிகச் சிறிய நாடு. 1935-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகை சுமார் பத்தொன்பதரை லட்சம். நம் நாட்டின் ஒரு பெரிய மாவட்டத்தில் அதைவிட அதிக ஜனங்கள் இருப்பார்கள். ஒரு பக்கம் ரஷ்யா, இன்னொரு பக்கம் ஜெர்மனி. பல நூற்றாண்டுகள் பிறர் ஆட்சியில் இருந்துவிட்டு, முதல் உலகப் போரின் முடிவில் அந்த இரு சாம்ராஜ்யங்களும் ஒரே சமயத்தில் சரிந்தபோது, 1918 நவம்பர் 18-ஆம் தேதி அது சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. அந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்ற 1919-ல் போல்ஷ்விக்குகளோடும் சண்டை போட வேண்டியிருந்தது, ஜெர்மானியப் படைகளோடும் சண்டை போட வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் அப்போது உதவிக்கு வந்தன. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல விஷயங்களுக்கு இதுதான் சாவி.

இருபது வருஷம் நிம்மதியாக ஓடியது. 1939 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் யூனியனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் ரகசியப் பகுதியில், வீட்டுக்காரரைக் கேட்காமலே வீட்டைப் பங்கு போட்டார்கள். லாட்வியா சோவியத் பங்குக்குப் போயிற்று. 1940 ஜூன் 17-ஆம் தேதி செஞ்சேனை உள்ளே வந்தது. ஆகஸ்டில் நாடே சோவியத் யூனியனோடு இணைக்கப்பட்டது.

லாட்விய ராணுவம் என்ன ஆயிற்று? அதைக் கலைத்துவிட்டு, செஞ்சேனையின் ஒரு பிரிவாக மாற்றினார்கள். ஆக, அந்நியச் சீருடையை முதன்முதலில் அணிவித்தது ஜெர்மனி அல்ல. 1941 ஜூன் 14-ஆம் தேதி, ராணுவப் பயிற்சி என்று சொல்லி லாட்விய அதிகாரிகளை லிதெனெ என்ற முகாமிலிருந்து அழைத்துப் போய், காட்டுக்குள் ஆயுதங்களைப் பறித்துக் கைது செய்தார்கள். வடதுருவத்தை ஒட்டிய நோரில்ஸ்க் முகாம்களுக்குப் பலர் அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சிலரே. அதிகாரியாகவும் நாவலாசிரியராகவும் இருந்த அலெக்சாண்டர்ஸ் க்ரீன்ஸ் அவ்விதம் கைதாகி, அதே வருஷம் டிசம்பரில் அஸ்திரகானில் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் உலகப் போரின் லாட்வியச் சிப்பாய்களைப் பற்றி அவர் எழுதிய நாவல் 2019-ல் திரைப்படமாக வந்தது.

அதே ஜூன் 14-ஆம் தேதி இரவு, நாடு முழுவதும் கதவுகள் தட்டப்பட்டன. 15,000-க்கும் மேற்பட்டவர்கள், கைக்குழந்தைகள் உள்பட, சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு சைபீரியாவுக்கும் பிற தூரப் பிரதேசங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். நாடு கடத்தப்பட்டவர்களில் யூதக் குடும்பங்களும் உண்டு. ஒரு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று ஹிட்லர் ஒப்பந்தத்தை மீறி சோவியத் யூனியன் மேல் பாய்ந்தான். ஜூலை 1-ஆம் தேதி ரீகா ஜெர்மானியர் கைக்கு வந்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள் நம் பெரியவர்கள். லாட்வியாவுக்கு ஒரு பக்க இடி ஓயுமுன் மறுபக்க இடி தொடங்கிவிட்டது.

'தன்னார்வப் படை' என்ற பெயர்

1943 பிப்ரவரி 2-ஆம் தேதி ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை சரணடைந்தது. சரியாக எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 10-ஆம் தேதி, லாட்வியர்களைக் கொண்டு ஒரு படையணி அமைக்க ஹிட்லர் உத்தரவிட்டான். ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று புரிந்துகொள்ள பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அந்தப் படையணிக்கு வைத்த பெயர், 'லாட்விய எஸ்.எஸ். தன்னார்வப் படையணி'.

அந்தப் பெயரில் இருந்த 'தன்னார்வ' என்ற சொல்லுக்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ஆக்கிரமித்த நாட்டின் மக்களை ஆக்கிரமிப்பாளருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. கட்டாயப்படுத்தக் கூடாது என்றால், 'தாமாக வந்தார்கள்' என்று எழுதிவிட்டால் போயிற்று.

நடந்தது வேறு. ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1941 டிசம்பரில் கொண்டு வந்திருந்த கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு, 1919 முதல் 1924 வரை பிறந்த இளைஞர்கள் எல்லோருக்கும் 1943 மார்ச்சில் அழைப்பாணை போயிற்று. மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் மூன்று வழிகள் காட்டப்பட்டன. ஒன்று, படையணியில் சேரலாம். இரண்டு, ஜெர்மானிய ராணுவத்துக்கு எடுபிடி வேலை செய்யும் துணைப் பணியாளாகலாம். மூன்று, போர்த் தொழிற்சாலை வேலைக்குப் போகலாம். நாலாவதாக, 'வீட்டுக்குப் போகலாம்' என்ற வழி இல்லை. பின்னால் அந்த மூன்றும் கூடச் சுருங்கிப் போயின. ஒளிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். தப்பி ஓடியவர்களுக்குச் சிறை, முகாம், மரண தண்டனை வரை காத்திருந்தது.

போர் நீள நீள, வயது வரம்பும் இரண்டு பக்கமும் நீண்டது. 1944-ல் முப்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்களுக்கும் ஆணை வந்தது. பள்ளிக்கூடப் பையன்களை, பதினாறு பதினேழு வயதுக்காரர்களை, விமானப் படைத் துணையாட்கள் என்று பிடித்துப் போனார்கள். ஜெர்மானியப் படைகளில் சேவை செய்த லாட்வியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். இவர்களில் உண்மையிலேயே விரும்பிப் போனவர்களும் உண்டு. சோவியத் ஆட்சியில் தகப்பனையோ தமையனையோ இழந்து, பழி தீர்க்கப் போனவர்கள் அவர்களில் பலர். ஆனால் பெரும்பான்மையோர் அழைப்பாணைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்.

சதுப்பு நிலத்தில் ஒரு மகாயுத்தம்

சட்டைக் கையில் லாட்வியா என்று எழுதிய சிவப்பு வெள்ளை நிறக் கேடயச் சின்னம். மற்ற எல்லாம் ஜெர்மானியருடையது. படைப்பிரிவுகளுக்குப் பெரும்பாலும் லாட்விய அதிகாரிகள். அவர்களுக்கு மேலே, டிவிஷன் தளபதி பதவி ஜெர்மானியருக்குத்தான். பிரமாணம் ஹிட்லரின் பெயரில் எடுக்க வேண்டும். அந்தப் பிரமாணத்தைப் 'போல்ஷ்விசத்துக்கு எதிரான போரில்' என்று வரையறுத்திருந்தார்கள். பிரிட்டனோடோ அமெரிக்காவோடோ தங்களுக்குச் சண்டை இல்லை என்று அந்தப் பையன்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ள அந்த ஒரு வார்த்தைதான் உதவியது.

முதலில் போனவர்களில் சிலருக்குப் பயிற்சியே சரியாகக் கிடைக்கவில்லை. 1943 வசந்த காலத்திலேயே அவர்கள் லெனின்கிராட் முனையில் நின்றார்கள். பிறகு வோல்ஹோவ் நதிக்கரை. அது முழுக்கச் சதுப்பு நிலம். பதுங்கு குழி தோண்டினால் ஒரு முழத்தில் தண்ணீர் ஊறிவிடும். ஆகவே மரக்கட்டைகளை அடுக்கி மேலே சுவர் கட்டிக்கொள்ள வேண்டும். நடப்பதற்கும் சாமான் கொண்டு போவதற்கும் கட்டைகளை வரிசையாகப் போட்டுப் பாதை அமைக்க வேண்டும். கோடையில் கொசுப் படை, இலையுதிர் காலத்தில் சேறு, அதன் பிறகு மாதக் கணக்கில் உறைபனி. எதிரியின் குண்டுக்குத் தப்பியவனையும் ஈரம் படுக்கையில் தள்ளிவிடும்.

1944 ஜனவரியில் சோவியத் படைகள் பெரிய தாக்குதலைத் தொடங்கின. பனியில் நடந்தே பின்வாங்கி, வெலிகாயா ஆற்றங்கரை வரை வந்தார்கள். அங்கேதான் மார்ச் 16-ஆம் தேதி சண்டை. லாட்வியர்களின் 15-ஆம் டிவிஷனும் 19-ஆம் டிவிஷனும் முதன்முறையாகத் தோளோடு தோள் நின்று போரிட்டன. சண்டை நடந்தது ஒரு மேட்டுக்காக. வரைபடத்தில் அதற்குப் பெயர் கூட இல்லை, 93.4 என்ற உயரக் கணக்குதான் அதன் பெயர். அந்த எண்ணுக்காகச் செத்தவர்களின் நினைவாகத்தான் ரீகாவில் அந்தப் பையன் பார்த்த ஊர்வலம்.

எதற்காக இவர்கள் இவ்வளவு பிடிவாதமாகச் சண்டை போட்டார்கள்? ஹிட்லர் மேல் பக்தியா? அவர்களிடையே அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாட்டில், முதலில் ரஷ்யரை விரட்டுவது, அடுத்து ஜெர்மானியரை விரட்டுவது என்று இருக்குமாம். ஜெர்மானியச் சீருடையில் நின்றுகொண்டே ஜெர்மானியரை விரட்டும் பாட்டு! 1918-ல் நடந்த அதிசயம் மறுபடி நடக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். இரண்டு யானைகளும் மோதிச் சரியும், பிரிட்டிஷ் கப்பல்கள் மீண்டும் வரும், கையில் துப்பாக்கியோடு நாம் தயாராக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. கணக்கு தவறிப் போயிற்று. இம்முறை பிரிட்டனும் அமெரிக்காவும் சோவியத் யூனியனின் கூட்டாளிகள். கப்பல் வரவில்லை.

ஜெர்மனியை நம்பாமலே சுதந்திரம் கேட்டவர்களும் உண்டு. லாட்விய மத்திய கவுன்சில் என்ற ரகசிய அமைப்பு 1943-ல் உருவானது. 1944 மார்ச்சில் 188 பொதுவாழ்வுப் பிரமுகர்கள் சுதந்திரத்தை மீட்க வேண்டும் என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். கவுன்சிலின் தலைவர் கொன்ஸ்டன்டின்ஸ் சாக்ஸ்தெயை ஜெர்மானியர் பிடித்து வதை முகாமில் அடைத்தார்கள். 1945-ல் உயிர் போயிற்று. ஜெனரல் கூரெலிஸ் என்பவர் தலைமையில், ஜெர்மானியர் அனுமதியோடு தொடங்கிய ஒரு குழு, உள்ளுக்குள் லாட்வியப் படையாகவே வளர்ந்துகொண்டிருந்தது. படையணியிலிருந்து ஓடியவர்கள் அதில் போய்ச் சேர்ந்தார்கள். 1944 நவம்பரில் ஜெர்மானியர் அதைச் சுற்றி வளைத்தார்கள். அதிகாரிகள் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வதை முகாமுக்கு அனுப்பினார்கள்.

அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம்

செஞ்சேனையிலும் லாட்வியர்கள் இருந்தார்கள் என்பது இந்தக் கதையின் மறுபாதி. 1941-ல் ஜெர்மானியருக்குத் தப்பி ரஷ்யாவுக்குள் ஓடியவர்களைக் கொண்டு 201-ஆம் லாட்விய டிவிஷன் அமைந்தது. அதில் விரும்பிச் சேர்ந்தவர்கள் கணிசம். தம் குலமே அழிந்துகொண்டிருப்பதை உணர்ந்த லாட்விய யூத இளைஞர்களும் அதில் நிறைய இருந்தார்கள். 1941 டிசம்பர் குளிரில், மாஸ்கோவுக்குத் தென்மேற்கே நரோ-ஃபோமின்ஸ்க் அருகே அவர்கள் ரத்தம் சிந்தினார்கள்.

1944 கோடையில் செஞ்சேனை லாட்வியாவுக்குள் திரும்பி வந்தது. வந்த இடமெல்லாம் கட்டாய ஆள்சேர்ப்பு. ஆக, ஒரே கிராமத்தில், கிழக்கே இருந்த வீட்டுப் பையனுக்கு ஒரு சீருடை. சில மைல் மேற்கே, இன்னும் ஜெர்மானியர் கையிலிருந்த வீட்டுப் பையனுக்கு வேறு சீருடை. போர் முனை எந்தத் தேதியில் எந்த ஊரைக் கடந்தது என்பதே ஒருவன் யாருக்காகச் சாக வேண்டும் என்று தீர்மானித்தது. சோவியத் தரப்பில் போரிட்டவர்களும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் இருக்கலாம் என்கிறார்கள். இரு பக்கமும் சேர்த்தால் சுமார் இரண்டு லட்சம் பேர். பத்தொன்பதரை லட்சம் ஜனங்களில் இரண்டு லட்சம்!

1944 அக்டோபரில் ரீகா விழுந்தது. கூர்லாந்து என்னும் மேற்கு முனையில், முதுகுக்குப் பின்னால் கடலை வைத்துக்கொண்டு, ஜெர்மானியப் படைகளும் லாட்வியர்களின் 19-ஆம் டிவிஷனும் மாட்டிக்கொண்டன. அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது நடந்த சண்டையில், 19-ஆம் டிவிஷனுக்கு எதிரே வந்து நின்றது செஞ்சேனையின் 130-ஆம் லாட்விய கோர் படை. இந்தப் பக்கமும் லாட்விய மொழி, அந்தப் பக்கமும் லாட்விய மொழி. பண்டிகை நாளில், தாய்மொழியில் உத்தரவு கேட்டு, அதே தாய்மொழியில் அலறியவனைச் சுட்டார்கள். சொந்த அண்ணன் தம்பிகளே எதிரெதிரே நின்ற குடும்பங்கள் உண்டு.

இதைப் படித்தபோது எனக்குக் கம்பன் காட்டும் கும்பகர்ணன் நினைவுக்கு வந்தான். போர்க்களத்தில் தம்பி வீடணன் வந்து அழைக்கிறான். அண்ணன் செய்தது தப்பு என்று கும்பகர்ணனுக்கும் தெரியும். ஆனாலும் உண்ட சோற்றுக்குக் கடன் பட்டவன் என்று மறுத்துவிடுகிறான். அந்தக் கடனாவது அவன் தானாக ஏற்றுக்கொண்டது. இந்த லாட்வியப் பையன்கள் ஹிட்லரிடமும் ஸ்டாலினிடமும் எந்தச் சோற்றுக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டுச் சோற்றைத்தான் அந்த இருவரும் மாறி மாறித் தின்றார்கள்.

மறைக்கக் கூடாத பக்கம்

இத்தோடு நிறுத்திவிட்டால் இது அரைக் கதை. அரைக் கதை சொல்வது முழுப் பொய்யைவிட ஆபத்து.

ஜெர்மானியர் வந்தபின் லாட்வியாவில் சுமார் 70,000 லாட்விய யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ரீகாவை ஒட்டிய ரும்புலாக் காட்டில், 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில் சுமார் 25,000 பேரைச் சுட்டுக் குழிகளில் தள்ளினார்கள். உத்தரவு ஜெர்மானியருடையது. ஆனால் உதவிக்கு லாட்வியர்களும் இருந்தார்கள். விக்டர்ஸ் அராய்ஸ் என்பவன் தலைமையில் இயங்கிய லாட்வியக் கொலைக் குழு ஊர் ஊராகப் போய் யூதர்களையும் மற்றவர்களையும் கொன்றது. அதில் சேர்ந்தவர்கள் அழைப்பாணை வந்து சேர்ந்தவர்கள் இல்லை. 1943 தொடக்கத்தில் பெலாரூஸ் எல்லைக் கிராமங்களை எரித்து மக்களைக் கொன்ற நடவடிக்கையிலும் லாட்வியப் போலீஸ் பட்டாலியன்கள் பங்கேற்றன.

படையணி உருவானது 1943-ல். யூதப் படுகொலையின் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இது உண்மை. ஆனால் பழைய போலீஸ் பட்டாலியன்களிலிருந்தும், பிற்பாடு அராய்ஸ் குழுவிலிருந்தும் பலர் அதே படையணிக்குள் வந்து சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. அழைப்பாணையோடு வந்த பத்தொன்பது வயதுப் பையனும், கையில் ரத்தக்கறையோடு வந்த கொலைகாரனும் ஒரே வரிசையில், ஒரே சீருடையில் நின்றார்கள். அந்தப் பையன் செய்யாத குற்றத்தை அவன் மேல் போடுவது அநியாயம். அவன் பெயரைச் சொல்லி அந்தக் கொலைகாரனை மறைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

நூரம்பர்க் நீதிமன்றம் 1946-ல் எஸ்.எஸ். அமைப்பைக் குற்ற அமைப்பு என்று தீர்ப்பளித்தபோது இந்த வித்தியாசத்தைக் கவனித்தது. வேறு வழியில்லாமல் அரசால் சேர்க்கப்பட்டு, குற்றம் எதுவும் செய்யாதவர்களை அந்தத் தீர்ப்பிலிருந்து விலக்கியது. ஒவ்வொருவனாகப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

மேற்கு நோக்கி ஓட்டம்

15-ஆம் டிவிஷன் 1944 கோடைச் சண்டைகளில் சின்னாபின்னமாயிற்று. மிஞ்சியவர்களையும் புதிதாகப் பிடித்தவர்களையும் ஜெர்மனிக்குக் கப்பலேற்றினார்கள். சொந்த மண்ணைக் காக்கத்தான் சண்டை என்று சொல்லி அழைத்துப் போனவர்களை, சொந்த மண் பறிபோகும் நேரத்தில் வேற்று நாட்டுக்கு அனுப்பினார்கள். 1945 குளிர்காலத்தில், இன்றைய போலந்தில் இருக்கும் பொமரேனியா பிரதேசத்தில், அகதிகளின் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் அடைத்துக்கொண்ட சாலைகளில் பனியில் நடந்தே பின்வாங்கினார்கள். சண்டையில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

ஏப்ரலில், பெர்லினைக் காக்கப் போகும்படி எஞ்சியவர்களுக்கு உத்தரவு வந்தது. ஒரு பட்டாலியன் அந்த நரகத்துக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஹிட்லரின் தலைநகரைக் கடைசிவரை காத்தவர்களில் லாட்வியர்களும் இருந்தார்கள் என்பது சரித்திரத்தின் குரூர வேடிக்கை. கர்னல் வில்லிஸ் யானும்ஸ் என்ற அதிகாரி மட்டும் வேறு முடிவெடுத்தார். தம்மிடமிருந்த எண்ணூற்றுச் சொச்சம் பேரைத் திருப்பி மேற்கே நடத்திக்கொண்டு போனார். ஏப்ரல் 27-ஆம் தேதி எல்ப் நதிக்கு அருகே க்யூட்டர்க்ளுக் என்ற கிராமத்தில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார். அந்தப் போரில் அவர் செய்த மிக நல்ல காரியம் ஒரு கட்டளையை மீறியதுதான்.

கூர்லாந்தில் இருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. மே 8-ஆம் தேதி சரணடைந்தவர்கள் சோவியத் விசாரணை முகாம்களுக்குப் போனார்கள். சிலர் காட்டுக்குள் புகுந்து, 1950-களின் நடுப்பகுதி வரை கூட மறைந்து போராடினார்கள்.

படகேறி ஸ்வீடனுக்குத் தப்பியவர்கள் பிழைத்தோம் என்று நினைத்தார்கள். சோவியத் யூனியன் அவர்களைத் திருப்பிக் கேட்டது. உண்ணாவிரதம் இருந்து பார்த்தார்கள். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. 1946 ஜனவரியில் ஸ்வீடன் அரசு 146 பால்டிக் சிப்பாய்களை, பெரும்பாலும் லாட்வியர்களை, கப்பலில் ஏற்றி ஒப்படைத்தது. ஸ்வீடிஷ் எழுத்தாளர் பெர் ஓலோவ் என்க்விஸ்ட் 1968-ல் இதை நாவலாக எழுதினார். 1994-ல் உயிரோடிருந்த முதியவர்களை ஸ்வீடன் விருந்தாளிகளாக அழைத்தது, மன்னரே வரவேற்றார். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து!

முகாமில் பிறந்த ஒரு சங்கம்

பிரிட்டிஷாரிடம் சரணடைந்த லாட்வியர்களில் சுமார் 12,000 பேர் பெல்ஜியத்தில் ஜெடெல்கெம் என்ற இடத்தில் கைதிகளாக இருந்தார்கள். நாடு இல்லை. வீட்டிலிருந்து கடிதம் இல்லை, போனால் சைபீரியா. அந்த நிலைமையில், 1945 டிசம்பர் 28-ஆம் தேதி, கம்பி வேலிக்குள்ளேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர், 'டௌகாவாஸ் வனாகி'. டௌகாவா நதியின் பருந்துகள் என்று பொருள். கை கால் இழந்தவர்களுக்கும், விதவைகளுக்கும், அநாதைகளுக்கும் உதவுவது நோக்கம்.

விடுதலையானவர்களில் ஒரு பகுதியை அமெரிக்கர்கள் காவல் வேலைக்கு எடுத்தார்கள். நூரம்பர்க்கில் நாஜிகள் மேல் தொடர்ந்து நடந்த விசாரணைகளின்போது நீதிமன்ற வளாகத்துக்குக் காவல் நின்றவர்களில் முன்னாள் லாட்வியப் படையணிக்காரர்களும் இருந்தார்கள். பிரிட்டன் ஆயிரக்கணக்கானவர்களைச் சுரங்கத்துக்கும் வயலுக்கும் வேலைக்கு அழைத்தது. அவர்களுக்கு அங்கே வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஐரோப்பியத் தன்னார்வத் தொழிலாளர்'. அந்தச் சொல் அவர்களை விடவில்லை! மற்றவர்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறினார்கள்.

போன இடமெல்லாம் அந்தச் சங்கத்தின் கிளை. கட்டடம் வாங்கினார்கள். பத்திரிகை நடத்தினார்கள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு லாட்விய மொழி வகுப்பு, பாட்டுக்குழு, பண்டிகை. ஞாயிறு காலைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் நமக்கு இது புரியாதா என்ன? ஒரு வித்தியாசம்: நாம் லீவு கிடைத்தால் ஊருக்கு ரயிலேறலாம். அவர்களில் பலருக்கு, 1991 ஆகஸ்டில் லாட்வியா மீண்டும் சுதந்திர நாடாகும் வரை, ஊர் என்பது அடைத்த கதவாகவே இருந்தது.

ஊரில் இருந்தவர்களுக்கோ வேறு கஷ்டம். சோவியத் ஆட்சியில் செஞ்சேனை வீரருக்கு மெடலும் அணிவகுப்பும். படையணியில் இருந்தவர் அதைப் பற்றி வாயே திறக்க முடியாது. ஒரே கல்யாணப் பந்தியில் ஒரு மாமா மெடல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொரு மாமா தலையைக் குனிந்து சாப்பிடுவார்.

நினைவு கூர்வதிலும் தகராறு தீரவில்லை. மார்ச் 16-ஐ லாட்விய நாடாளுமன்றம் 1998-ல் அதிகாரபூர்வ நினைவு நாளாக்கியது. எதிர்ப்பு கிளம்பவே 2000-ல் அந்த அந்தஸ்தை நீக்கிவிட்டது. அதன் பிறகு மக்கள் தாமாகவே கூடுகிறார்கள். ஜெடெல்கெமில் 2018-ல் தேன்கூடு வடிவில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள், எஸ்.எஸ். படைக்கு நினைவுச் சின்னமா என்ற கண்டனத்தால் 2022-ல் அகற்றப்பட்டது.

அந்தப் பையனுக்கு என் பதில்

தம்பி, யார் சொல்வது சரி என்று கேட்டாய். உன் நண்பன் சொன்னது உண்மை. அவன் கொள்ளுத் தாத்தாவைப் பிடித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள். ஓரமாக நின்று கத்தியவர்களில், ரும்புலாவில் தன் பாட்டியைப் பறிகொடுத்தவர் யாராவது இருந்தால், அவர் கோபமும் உண்மை. அந்தச் சீருடையைப் பார்த்து அவர் பதறாமல் இருக்க முடியாது. இந்த நினைவுகளைத் தம் அரசியல் லாபத்துக்குக் கிளறிவிடுகிறவர்களும் இரு பக்கமும் இருப்பார்கள். அவர்களை நீ அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

சீருடையைப் பார்த்து மனிதனை முடிவு செய்யாதே. அவன் எந்த வயதில், எந்த ஊரில், யார் மிரட்டலில் அதை அணிந்தான், அணிந்தபின் என்ன செய்தான் என்று கேள். கட்டாயம் ஒருவனுக்கு நியாயம் சொல்லலாம். கொலைக்கு நியாயம் சொல்லாது. எந்த அரசாவது 'இவர்கள் தாமாகவே வந்தார்கள்' என்று எழுதினால், மறுக்க அவர்களுக்கு வழி இருந்ததா என்று முதலில் பார்.

லெஸ்தெனெ என்ற கிராமத்தில் படையணி வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கூர்லாந்துச் சண்டைகள் நடந்த பூமி அது. லீவு நாளில் உன் நண்பனோடு போய் வா. பெயர்கள் பொறித்திருப்பார்கள், பிறந்த வருஷத்தைப் படித்துப் பார். உன் வயதுதான் இருக்கும். பிறகு, நவம்பர் 30-ஆம் தேதி வரும்போது, அவனையும் கூட்டிக்கொண்டு ரும்புலாக் காட்டுக்குப் போ. 2002-ல் அங்கே நினைவிடம் திறந்திருக்கிறார்கள். அங்கும் பெயர்கள் உண்டு.

இரண்டு இடத்திலும் பூ வைத்துவிட்டு வந்து எனக்குப் போன் பண்ணு. அம்மாவிடம் சொல்லி, குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் அனுப்பச் சொல்கிறேன்.